ஒரு சர்ஜன் வாசகரிடம் பேசத் தொடங்கியபோது: அதுல் கவாண்டே குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பத்திரிகைகளின் உடல்நலப் பக்கத்துக்கு வரும் கட்டுரைகளைத் திருத்துவது என் பிழைப்பு. எழுதுபவர்களில் கணிசமானோர் சர்ஜன்கள். பித்தப்பைக் கல், குடலிறக்கம், மூலம் என்று தலைப்பு மாறும், உள்ளே இருப்பது மாறாது. அறிகுறிகள், பரிசோதனைகள், சிகிச்சை, கடைசியில் 'உடனே மருத்துவரை அணுகவும்'. தகவலில் பிழை இருக்காது. ஆனால் இருபது வருடமாக வயிற்றைத் திறந்து பார்த்த ஒரு மனிதர் அதில் எங்குமே தட்டுப்பட மாட்டார். கட்டுரைக்குக் கீழே உள்ள பெயரை எடுத்துவிட்டு இன்னொரு டாக்டர் பெயரைப் போட்டாலும் அது அப்படியே நிற்கும்.

"டாக்டர், ஓ.டி.யில, ஆபரேஷன் தியேட்டர்ல, நீங்க பார்த்ததை எழுதுங்களேன்" என்று கேட்டால், "அதெல்லாம் எழுதினா பேஷன்ட்ஸ் பயந்துடுவாங்க சார்" என்று பதில் வரும். இந்தப் பயம் எவ்வளவு நியாயம் என்று பார்க்க எனக்குத் தெரிந்து சிறந்த உதாரணம் போஸ்டன் சர்ஜன் அதுல் கவாண்டே. தன் கை நடுங்கியதை, தான் தாமதித்ததை, தன் மருத்துவமனை மறைத்துப் பேசும் விஷயங்களை அவர் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பொதுவாசகருக்கு எழுதிவருகிறார். வாசகர்கள் ஓடவில்லை, கூடினார்கள். அது எப்படி நடந்தது, எதுவரை வேலை செய்தது, எங்கே செய்யவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

ஆள் யார்

1965இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா ஆத்மாராம் மகாராஷ்டிரத்தில் உட்டி என்ற கிராமத்திலிருந்து அமெரிக்கா போன யூராலஜிஸ்ட். அம்மா குழந்தை மருத்துவர். ஓஹையோ மாநிலத்து ஏதென்ஸ் என்ற சிறிய ஊரில் வளர்ந்தார். ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு, 1992இல் பில் கிளின்டனின் தேர்தல் வேலை, பிறகு ஹார்வர்டில் 1995இல் மருத்துவப் பட்டம். அரசியலும் கொள்கையும் ஒரு கண், கத்தி ஒரு கண் என்று இருந்தவர்.

எழுத்து தொடங்கியது அறுவை சிகிச்சைப் பயிற்சிக் காலத்தில். நம் மருத்துவக் கல்லூரிகளில் பி.ஜி. என்கிறோமே, அந்த நிலை. பயிற்சி மருத்துவர்கள் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற வரம்பு அமெரிக்காவில் 2003இல்தான் நாடு முழுக்க வந்தது. இது அதற்கு முந்தைய காலம், தூக்கமே அபூர்வம். அப்போது 'ஸ்லேட்' இதழில் இருந்த ஒரு நண்பர் கேட்டதற்காகச் சிறு பத்திகள் எழுத ஆரம்பித்தார். 1998இல் 'நியூயார்க்கர்' வார இதழ் அவரைத் தன் எழுத்தாளர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேர் எடுத்த பிறகு, தலைமைப் பதவியில் உட்கார்ந்த பிறகு நினைவுக் குறிப்பு எழுதும் மருத்துவர்கள் உண்டு. இவர் தொடங்கியபோது வரிசையில் கடைசி ஆள். மேலே ஐந்தாறு படிநிலை அதிகாரிகள் இருந்தார்கள். ஆகவே அவர் எழுத்தில் 'எனக்குத் தெரியும்' என்ற தொனிக்கு இடமே இல்லாமல் போனது. அது பின்னாளில் அவருக்குப் பெரிய முதலீடாக அமைந்தது என்று நினைக்கிறேன்.

1999 பிப்ரவரிக் கட்டுரை

'நியூயார்க்கர்' இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். பொருள், மருத்துவர்கள் செய்யும் தவறுகள்.

நள்ளிரவு தாண்டிய நேரம். கார் விபத்தில் அடிபட்ட பெண் ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். பணியில் இருக்கும் அறுவைப் பயிற்சி மருத்துவர் கவாண்டே. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட முடியவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்குகிறது. கழுத்தின் முன்பக்கம் வெட்டி நேரடியாகக் காற்றுவழி ஏற்படுத்துவது ஒன்றுதான் பாக்கி. அவர் வெட்டுகிறார். ரத்தம் பொங்கி இடத்தை மறைக்கிறது, வெளிச்சம் போதவில்லை, தேடியது கைக்கு அகப்படவில்லை. மூத்த சர்ஜன் வந்து முயல்கிறார், அவருக்கும் முடியவில்லை. கடைசியில் மயக்க மருத்துவர் குழந்தைகளுக்குப் போடும் சிறிய டியூப் ஒன்றை எப்படியோ வாய் வழியாக உள்ளே செலுத்திவிடுகிறார். அந்தப் பெண் பிழைத்துக்கொள்கிறார், மூளைக்கும் சேதமில்லை.

தான் முன்கூட்டியே உதவிக்கு ஆள் அழைத்திருக்க வேண்டும் என்று கவாண்டே நேராக எழுதுகிறார். 'சூழ்நிலை அப்படி' என்று சால்ஜாப்பு இல்லை. அதேசமயம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது எவ்வளவு சிரமம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் கட்டுரை வாசகரை இன்னொரு அறைக்கு அழைத்துப் போகிறது. வாரம் ஒருமுறை சர்ஜன்கள் கூடி, இறந்துபோனவர்களையும் சிக்கலானவர்களையும் பற்றிப் பேசும் கூட்டம். நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளில் 'மார்ட்டாலிட்டி மீட்' என்று சொல்வார்கள். வெளியாருக்குக் கதவு மூடிய இடம். அங்கே மூத்த சர்ஜன் எழுந்து நின்று நடந்ததற்குத் தானே பொறுப்பு என்று சொல்கிறார். வெட்டிய பயிற்சி மருத்துவரை யாரும் எழுப்பிக் கேள்வி கேட்பதில்லை. கவாண்டே அந்தக் கூட்டத்தை மெச்சுகிறார், அதன் ஓட்டையையும் சொல்கிறார். 'யார் செய்தது, அடுத்த முறை எப்படிச் செய்வீர்கள்' என்பதோடு அது நின்றுவிடுகிறது. அதே தவறு இன்னொரு சர்ஜனுக்கு, இன்னொரு ராத்திரியில் ஏன் மறுபடி நேருகிறது என்று அது கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் கட்டுரை வெறும் ஒப்புதல் வாக்குமூலமாக இருப்பதிலிருந்து தப்பிக்கிறது. மயக்க மருத்துவத்தின் வரலாற்றை எடுக்கிறார். ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளர் தன் குழுவோடு 1978இல் வெளியிட்ட ஆய்வு, மயக்க மருந்து கொடுக்கையில் நேர்ந்த 359 தவறுகளை விமானத் துறை பாணியில் பிரித்துப் பார்த்தது. மயக்க மருந்து இயந்திரங்களில் பாதியில் குமிழை வலப்பக்கம் திருப்பினால் வாயு கூடும், மீதியில் இடப்பக்கம் திருப்பினால் கூடும். அவசரத்தில் ஒருவர் தப்பாகத் திருப்பினால் பழி அவர்மேல். இந்த மாதிரி விஷயங்களைச் சீராக்கி, ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவிகளைக் கட்டாயமாக்கிய பிறகு மயக்க மருந்தால் நேரும் மரணங்கள் பலமடங்கு குறைந்தன. கையை வைதுகொண்டிருந்தவர்கள் குமிழைத் திருத்தினார்கள்.

ஒரு ராத்திரி, ஒரு கழுத்து, ஒரு கூட்டம், பிறகு ஒரு இயந்திரக் குமிழ். படிப்பவர் பயப்பட இடம் உண்டு, பயத்தோடு விட்டுவிடவில்லை. நம் டாக்டர்கள் அஞ்சும் 'பேஷன்ட் பயந்துடுவாங்க' என்பதற்கு இந்தக் கட்டுரையே பதில் என்று தோன்றுகிறது.

சொந்தப் பிள்ளை விஷயம்

வேறொரு கட்டுரையில், பயிற்சி மருத்துவர்கள் யார் உடம்பில் கற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை எடுத்தார். கழுத்தருகே பெரிய சிரைக்குள் போடும் சென்ட்ரல் லைன் என்ற குழாயைத் தான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதினார். யாராவது ஒரு நோயாளி முதல் நோயாளியாக இருந்தாக வேண்டும் என்பது மருத்துவக் கல்வியின் அடிப்படை. அது சரி என்று அவர் வாதாடுகிறார். பிறகு தன் வீட்டுக்கு வருகிறார். பிறந்து பதினொரு நாளில் அவர் மூத்த மகனுக்கு இதயம் செயலிழக்கத் தொடங்கியது, மகாதமனி முழுமையாக உருவாகாத பிறவிக் குறை. அறுவை சிகிச்சை நடந்து குழந்தை தேறியது. தொடர் சிகிச்சைக்கு யாரிடம் போவது என்ற கேள்வி வந்தபோது, தங்களை அக்கறையோடு கவனித்த இளம் மருத்துவர் ஒருவர் தயாராக இருந்தார். கவாண்டே தம்பதி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அனுபவம் மிகுந்த மூத்த நிபுணரிடம் போனார்கள்.

ஊராருக்குப் பயிற்சி மருத்துவர், தன் பிள்ளைக்கு மட்டும் பெரிய டாக்டர். அந்த முரணை அவர் பூசி மெழுகவில்லை. இப்படித் தேர்ந்தெடுக்கும் வசதி சிலருக்கே கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னார். மருத்துவர் வீட்டுக்குள் என்ன முடிவு எடுக்கப்படுகிறது என்பதுதான் எந்த நோயாளியும் கேட்க நினைத்து வாய்க்குள் அடக்கிக்கொள்ளும் கேள்வி. 'உங்க அம்மாவா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?' என்று நம் ஆட்கள் கேட்பது இதைத்தான். அதற்கு அச்சில் பதில் சொன்ன சர்ஜன்கள் குறைவு.

எழுத்து ஓ.டி.க்குள் திரும்பியது

2007 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்து ஐ.சி.யு.க்கள் பற்றி எழுதினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட், சென்ட்ரல் லைன் போடும்போது செய்ய வேண்டியவற்றை ஒரே தாளில் ஐந்து படிகளாக எழுதியிருந்தார். கையைச் சோப்பால் கழுவு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவு, நோயாளியை முழுக்க மூடு, முகமூடியும் கவுனும் அணி, போட்ட இடத்தை மூடு. எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதிது என்னவென்றால், டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் நர்ஸ் நிறுத்தலாம் என்ற அதிகாரம். நூற்றுக்கு மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் இதைப் பின்பற்றியதும் மூன்று மாதத்துக்குள் ரத்தத் தொற்று 66 சதவீதம் குறைந்தது.

அந்த மாதமே ஒரு வேடிக்கை. நோயாளிகளிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்காமல் ஆய்வு நடந்தது என்று சொல்லி, மனித ஆய்வுகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அலுவலகம் தடை போட்டிருந்தது. கை கழுவச் சொல்லும் தாளுக்குத் தடை! கவாண்டே 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் இதைக் கண்டித்து எழுத, விஷயம் பொதுவெளிக்கு வந்தது. 2008 தொடக்கத்தில் அந்த அலுவலகம் இறங்கிவந்தது. அது இறங்கிவந்ததற்கு ஒரு கட்டுரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவ ஆய்விதழில் ஒரு கடிதமாக அது வந்திருந்தால் இவ்வளவு பேர் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்குள் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புக்கான திட்டத்தை அவர் தலைமையில் தொடங்கியிருந்தது. 2008இல் 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் வெளிவந்தது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி ஓ.டி.யை விட்டுப் போகும் முன் என மூன்று நிறுத்தங்கள். அறையில் இருப்பவர்கள் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒரு அம்சம். சிரிப்பு வரலாம். ஒரே மேஜையைச் சுற்றி நிற்பவர்களுக்கு ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பது பெரிய மருத்துவமனைகளில் சகஜம். பெயர் தெரியாதவரைப் பார்த்து 'சார், கொஞ்சம் நிறுத்துங்க' என்று ஒரு நர்ஸ் சொல்லுவது எப்படி?

டெல்லி, டொரன்டோ, லண்டன், மணிலா, அம்மான், ஆக்லாந்து, சியாட்டில், தான்சானியாவின் இஃபாகாரா என எட்டு நகரங்களில் சோதித்தார்கள். முடிவு 2009 ஜனவரியில் வந்தது. மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் இறங்கின. அங்கே பணிபுரிந்தவர்களிடம் கருத்துக் கேட்டபோது, இந்தத் தாள் தேவையில்லாத தொல்லை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் 'நீங்களே மேஜையில் படுத்தால் இது வேண்டுமா' என்று கேட்டதற்கு 93 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். எனக்கு இந்த ஒரு எண் போதும், மற்றதெல்லாம் கழித்துக்கொள்ளலாம்.

தனக்கே இந்தத் தாள் தேவைப்படும் என்று ஆரம்பத்தில் கவாண்டே நம்பவில்லை. ஹார்வர்டு சர்ஜனுக்கு எதற்கு என்ற நினைப்பு. பிறகு ஒரு நோயாளிக்குச் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியில் வந்த கட்டியை லேப்ராஸ்கோபியில் எடுக்கும்போது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரை, வீனா கேவா, அவர் கையாலேயே கிழிந்தது. சுமார் ஒரு நிமிடத்தில் உடம்பின் ரத்தம் கிட்டத்தட்ட முழுவதும் வயிற்றுக்குள் கொட்டியது, இதயம் நின்றது. முன்னதாகத் தாளை வாசித்தபோது, ரத்தம் தயாராக வைக்கப்படவில்லை என்பதை நர்ஸ் கவனித்து, ரத்த வங்கியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். அந்தப் பைகள்தான் நோயாளியைக் காப்பாற்றின. ஒரு கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, உயிர் மிஞ்சியது. இதையும் அவரே எழுதினார். தான் உருவாக்கிய கருவியை விற்பதற்கு இதைவிட வெட்கம் கெட்ட, நம்பகமான வழி இருக்க முடியாது.

பில் தொகை பேசியபோது

மக்காலன் விவகாரத்தையும் சொல்ல வேண்டும், ஆனால் சுருக்கமாக. டெக்சாஸில் மெக்சிகோ எல்லையோரம் இருக்கும் அந்த ஊரில், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2006இல் ஒரு ஆளுக்குச் சுமார் 15,000 டாலர் செலவழித்தது. அந்த ஊர்க்காரர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானமே 12,000 டாலர். அதே எல்லையில் உள்ள எல் பாசோ ஊரில் செலவு ஏறக்குறைய பாதி. கவாண்டே அங்கே போய், உள்ளூர் மருத்துவர்கள் சிலருடன் சாப்பிட உட்கார்ந்து, ஏன் என்று கேட்டார். வழக்குப் பயம், நோய் அதிகம் என்று சுற்றிவந்த பேச்சு, அங்கிருந்த ஒரு சர்ஜனின் பொறுமை தீர்ந்ததும் முடிவுக்கு வந்தது: தேவையில்லாமல் நிறையச் செய்கிறோம், அவ்வளவுதான்.

2009 ஜூனில் கட்டுரை வந்தது. அதிபர் ஒபாமா செனட்டர்களிடம் அதை எடுத்துப் பேசினார். முதலீட்டாளர் சார்லி மங்கர் படித்துவிட்டு 20,000 டாலர் காசோலை அனுப்பினார். கவாண்டே அதைத் தன் மருத்துவமனையின் ஆய்வுப் பணிக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் 2010 கடைசியில் வேறொரு ஆய்வு வந்தது. 65 வயதுக்குக் குறைந்த, தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களின் கணக்கை எடுத்தால், மக்காலனில் செலவு எல் பாசோவைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவு. ஆக, 'அந்த ஊர் டாக்டர்கள் பணத்தாசை பிடித்தவர்கள்' என்று வாசகர்கள் எடுத்துக்கொண்ட முடிவு மொத்த உண்மை இல்லை. யார் பணம் கொடுக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்த சிக்கல் அது. ஒரு ஊரையும் ஒரு சாப்பாட்டு மேஜையையும் வைத்துச் சொன்ன கதை மனத்தில் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது, திருத்தம் அந்த அளவுக்குப் பரவவில்லை. நன்றாக எழுதத் தெரிந்த சர்ஜனுக்கு உள்ள ஆபத்து இதுதான். கட்டுரை மோசமாக இருந்திருந்தால் சேதமும் குறைவாக இருந்திருக்கும்.

தாள் தோற்ற இடங்கள்

சரிபார்ப்புப் பட்டியலுக்கும் இதே கதி நேர்ந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதைக் கட்டாயமாக்கியது. 101 மருத்துவமனைகளின் கணக்கு 2014இல் வெளிவந்தபோது, மரணம் 0.71 சதவீதத்திலிருந்து 0.65. புள்ளியியல்படி வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. 'டிக் போட்டால் போதும்' என்று ஆகிவிட்ட இடத்தில் தாள் என்ன செய்யும்? நம் ஊரில் பள்ளி ஆய்வுக்கு முந்தின நாள் பதிவேடு நிரப்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாறாக, அமெரிக்காவின் தென் கரோலினாவில் விரும்பிச் சேர்ந்து, பயிற்சித் திட்டத்தை முழுதாக முடித்த 14 மருத்துவமனைகளில் மரணம் 22 சதவீதம் குறைந்ததாக 2017இல் வந்த ஆய்வு சொன்னது.

இந்தியாவுக்கு நேரடியாகப் பொருந்துவது உத்தரப் பிரதேச ஆய்வு. பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலைப் பயிற்சியாளர்கள் துணையோடு கொண்டுபோனார்கள். 120 அரசு சுகாதார மையங்கள், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தாய்மார்கள். பயிற்சியாளர்கள் அடிக்கடி வந்துபோன இரண்டாவது மாதத்தில், செய்ய வேண்டியவற்றில் 73 சதவீதத்தை ஊழியர்கள் செய்தார்கள். திட்டம் இல்லாத மையங்களில் அது 42 சதவீதம். ஆனால் தாய்க்கோ சேய்க்கோ மரணம் அல்லது தாய்க்குக் கடும் சிக்கல் என்று சேர்த்துப் பார்த்த கணக்கில் 15.1 சதவீதம் ஒருபக்கம், 15.3 மறுபக்கம். வித்தியாசமே இல்லை. கவாண்டேயின் குழுவே அந்த முடிவை 2017 டிசம்பரில் வெளியிட்டது. இந்தத் திட்டத்தைப் பற்றி அவர் முன்பு நம்பிக்கையோடு எழுதியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செவிலியர் பழக்கம் மாறியது உண்மை. ரத்தம், சிசேரியன் வசதி, மேல் சிகிச்சைக்கு அனுப்பும் வழி எல்லாம் அந்தப் பழக்கத்தால் மட்டும் வந்துவிடாது.

இந்த இரண்டு தோல்விகளை வைத்து அவரைக் கவிழ்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. வாசகர்முன் நம்பிக்கையோடு வைத்த ஒன்றைப் பெரிய அளவில் சோதனைக்கு உட்படுத்தி, பலிக்கவில்லை என்ற விடையையும் வெளியிடுவது எழுத்தாளர்களிடம் அபூர்வம். மருத்துவர்களிடமும்தான்.

கண்காணிக்க ஒருவர்

2011இல் எழுதிய ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. நாற்பதுகளின் நடுவில் தன் திறமை தேங்கிவிட்டதோ என்று கவாண்டேவுக்குச் சந்தேகம். டென்னிஸ் வீரர்களுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், சர்ஜனுக்கு ஏன் இல்லை என்று யோசித்து, தனக்குக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற சர்ஜன் ராபர்ட் ஆஸ்டீனை ஓ.டி.க்கு அழைத்தார். அவர் ஒரு மூலையில் நின்று பார்த்துக் குறித்துக்கொண்டார். அறுவை நல்லபடி முடிந்தது, குறையேதும் இருக்காது என்று இவர் நினைத்தார். பெரியவர் நோட்டைத் திறந்தார். விளக்கு வெட்டிய இடத்தைவிட்டு நகர்ந்துபோய்க் கிட்டத்தட்ட அரைமணி நேரம் அப்படியே இருந்தது, பக்கத்திலிருந்து பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் இவர் வேலை செய்திருக்கிறார். முழங்கை அவ்வப்போது தோள் உயரத்துக்கு எழும்புகிறது, அப்போது கை துல்லியமாக இருக்காது. துணி விரித்த விதத்தில் எதிரே நிற்கும் உதவியாளருக்கு நிற்க இடமில்லை.

பேராசிரியராக இருக்கும் சர்ஜன் ஒருவர் தன் முழங்கை உயர்வதை லட்சக்கணக்கான பேர் படிக்கும் இதழில் எழுதுகிறார். 1999இல் வரிசையின் கடைசியில் நின்று எழுதிய அதே தொனி, பதவி வந்த பிறகும் தளரவில்லை. அவருக்கு வாசகர் கிடைத்த காரணம் என்று நான் நம்புவது இதுதான்: அவர் வாசகருக்கு அறிவுரை சொல்லவில்லை, கணக்கு ஒப்புவித்தார். மருத்துவ மாணவர்களுக்குப் பேசும்போதும், எதையாவது எண்ணிப் பாருங்கள், எதையாவது எழுதுங்கள், ஐந்து பத்தியானாலும் சரி, கவிதையானாலும் சரி என்றே சொன்னார். எண்ணுவதும் எழுதுவதும் அவர் பட்டியலில் அடுத்தடுத்து வருவது தற்செயல் இல்லை.

அப்பாவின் நோய் பற்றி அவர் எழுதியதை நிறையப் பேர் படித்திருப்பீர்கள், அதிகம் சொல்லப்போவதில்லை. ஆத்மாராமுக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் கட்டி. ஒரு சர்ஜன் உடனே வெட்ட வேண்டும் என்றார். கிளீவ்லாந்தின் எட்வர்ட் பென்செல் மட்டும், நோயாளி என்னென்ன கேள்வி கேட்கிறார் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, எது உங்களுக்கு முக்கியம் என்று திருப்பிக் கேட்டார். அறுவை சிகிச்சை சில வருடம் தள்ளிப்போனது, அதற்குள் அவர் வாழ விரும்பியபடி வாழ்ந்தார். 2011இல் இறந்தார். காசியில் சாம்பலைக் கரைக்கப் போன மகன், கங்கை நீரை மூன்று வாய் குடிக்க வேண்டும் என்பதால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டு போனார். அப்படியும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி பிடித்துக்கொண்டது. பொதுச் சுகாதார நிபுணர்!

நம் ஊரில் எழுத நினைப்பவருக்கு

'அது அமெரிக்கா, இங்கே எழுதினால் மெடிக்கல் கவுன்சில் பிடித்துக்கொள்ளும்' என்று சொல்பவர்களுக்காக விதியைப் பார்த்துவிடலாம். இந்தியாவில் மருத்துவர் நடத்தைக்கு இன்றும் அடிப்படை 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிதாகக் கொண்டுவந்தது, சமூக ஊடகத்துக்கான நெறிகளும் அதில் இருந்தன. எதிர்ப்புக் கிளம்பியதால் அந்த மாதமே நிறுத்திவைத்துவிட்டார்கள்.

2002 விதிகள் சொல்வது இரண்டு. ஒன்று, தன்னை விளம்பரப்படுத்தும் விதமாக நோய், சிகிச்சை பற்றிப் பொது ஊடகங்களில் எழுதவோ பேட்டி கொடுக்கவோ கூடாது. ஆனால் பொதுச் சுகாதாரம், நலவாழ்வு பற்றித் தன் பெயரிலேயே எழுதலாம். இரண்டு, நோயாளியின் அடையாளம் தெரியும்படி அவர் படத்தையோ நோய் விவரத்தையோ அனுமதியில்லாமல் வெளியிடக்கூடாது. அடையாளம் வெளிப்படாவிட்டால் அனுமதி தேவையில்லை.

ஆக, 'நான் செய்த அரிய அறுவை' என்று நோயாளியின் சிரித்த முகத்தோடு வரும் செய்திக் குறிப்புதான் விதிக்கு நெருக்கமாக உரசிக்கொண்டு போகிறது. என் விளக்கு அரைமணி நேரம் தவறான இடத்தில் இருந்தது என்று எழுதுவதில் விளம்பரம் ஏது?

இருந்தாலும் அடையாளம் மறைப்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய நகரத்தில் பெயரை மாற்றினால் போதும். தேனியிலோ அறந்தாங்கியிலோ 'போன மாதம் டிராக்டர் கவிழ்ந்து வந்த நாற்பது வயது விவசாயி' என்று எழுதினால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். வயது, தொழில், மாதம், விபத்து என்று நான்கில் இரண்டையாவது மாற்றுங்கள், முடிந்தால் சில வருடம் ஆறப்போடுங்கள், அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் அந்த விவசாயியிடமே எழுதியதைப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். ஒருவேளை அவர் மறுத்தால் அந்தக் கட்டுரையை விட்டுவிட வேண்டியதுதான். என்னிடம் அனுப்பும் டாக்டர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். அப்புறம்தான் இலக்கணத்துக்குப் போகிறோம்.